முற்றத்தில் இறங்கிய மேசை: ஓர் ஆடிப்பெருக்குப் பந்தியின் அலங்கார ஆய்வு

திருவையாற்றுக்குக் கிழக்கே, குடமுருட்டி ஆற்றின் கரையை ஒட்டிய ஊரில் இருக்கும் எங்கள் பூர்வீக வீட்டில், 2024 ஆகஸ்ட் 3, சனிக்கிழமை, ஆடிப் பதினெட்டு அன்று 34 பேர் கூடிச் சாப்பிட்டோம். அந்த ஒரு நாளுக்காக வீட்டையும் பந்தியையும் எப்படி அலங்கரித்தோம், எது நின்றது, எது நிற்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். நான் அலங்காரத் தொழில் செய்பவன் இல்லை. வீட்டுப் பொறுப்பை எடுத்து நடத்தும் அண்ணிக்குக் கூடமாட நின்றவன், அவ்வளவுதான். ஆனால் முந்தைய ஆண்டில் நாங்கள் செய்த ஒரு தவறு மனத்தில் உறுத்திக்கொண்டே இருந்ததால், இம்முறை அளவு நாடாவும் நோட்டுப் புத்தகமுமாகத்தான் வேலையைத் தொடங்கினோம்.

முந்தைய ஆண்டின் குறை

எங்கள் வீடு நாட்டு ஓடு வேய்ந்த முற்றத்து வீடு. திண்ணை, நடை, கூடம், நடுவில் முற்றம், அதைச் சுற்றி நாற்புறமும் தாழ்வாரம், பின்னால் அடுப்படி, அதற்கும் பின்னால் கொல்லை. கல்யாணம் என்றாலும் கருமாதி என்றாலும் பந்தி தாழ்வாரத்தில்தான் விரியும். ஆனால் பெரியவர்கள் ஏழு பேருக்கு, அதாவது பெரியப்பா, பெரியம்மா, அம்மா, அத்தைகள் மூவர், ஒரு மாமா ஆகியோருக்கு, முழங்கால் மடக்கித் தரையில் உட்கார முடிவதில்லை. ஆகவே 2023-இல் கூடத்தில் ஒரு மேசையைப் போட்டு, அதற்குப் புது விரிப்பு விரித்து, நடுவில் பூச்சாடி வைத்து, சுவரில் சரவிளக்குகள் தொங்கவிட்டு, வீட்டிலேயே மிக அழகான இடமாக அதைச் செய்து வைத்தோம். படங்களில் அது நன்றாகவே இருந்தது.

சாப்பிட்டுக் கை கழுவியபோது பெரிய அத்தை என்னிடம் சொன்னார்: “சோறு நல்லாத்தான் இருந்துச்சு தம்பி. ஆனா ஒருத்தரு மூஞ்சியையும் பாத்துச் சாப்பிடல. ஓட்டல்ல உக்காந்த மாதிரி இருந்துச்சு.”

கூடத்தில் இருந்தவர்களுக்குத் தாழ்வாரத்தின் சத்தம் மட்டுமே கேட்டது. தாழ்வாரத்தில் இருந்தவர்களுக்கு அந்தச் சத்தத்தோடு ஓர் அலங்காரமும் கிடைக்கவில்லை. மாவிலைத் தோரணங்கள் எல்லாம் நிலைப்படியின் மேலும் உத்திரத்தின் ஓரத்திலுமாக எட்டடி உயரத்தில் தொங்கின. தரையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒருவரின் கண் தரையிலிருந்து ஏறத்தாழ இரண்டரை அடி உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து அவர் பார்ப்பது எதிர்த் தூணின் அடிப்பாகம், பரிமாறுகிறவரின் கால், எதிர் வரிசைக்காரரின் முகம், தன் இலை. நாங்கள் அலங்கரித்ததெல்லாம் நின்றுகொண்டு படம் எடுப்பவருக்காக என்பது அத்தை சொன்ன பிறகுதான் புரிந்தது.

தண்ணீர் வருமா என்ற கேள்வி

டெல்டாவில் ஆடிப்பெருக்கைத் திட்டமிடுவதற்கு முன்னால் மேட்டூரைக் கேட்க வேண்டும். வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கப்படும் அணை, 2024-இல் போதிய இருப்பு இல்லாததால் அன்று திறக்கப்படவில்லை. பம்ப்செட் வைத்திருந்தவர்கள் மட்டும் குறுவை நட்டார்கள். ஆறு மணலாகக் கிடந்தது. ஆகவே ஜூலை நடுவில் உட்கார்ந்து பேசியபோது, படித்துறைக்குப் போகும் எண்ணத்தைக் கைவிட்டு, முழு நிகழ்வையும் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்வதென்றும், காவிரிக்குச் செய்ய வேண்டிய பூசையை முற்றத்தில் ஓர் உருளித் தண்ணீருக்குச் செய்வதென்றும் முடிவு செய்தோம். பிறகு கர்நாடக நீர்ப்பிடிப்புப் பகுதிகளில் பெய்த மழையில் அணை மளமளவென்று நிரம்பி, ஜூலை 28 அன்று திறக்கப்பட்டு, இரண்டே நாளில் முழு அளவான 120 அடியைத் தொட்டது. வறண்ட ஆற்றுக்காகப் போட்ட திட்டம், பொங்கி வரும் ஆற்றுக்கும் அப்படியே பொருந்திவிட்டது வேடிக்கைதான். வேகமாக ஓடும் புது வெள்ளத்தில் குழந்தைகளையும் முழங்கால் வலிக்காரர்களையும் படியிறக்க யாரும் துணியவில்லை.

அந்த வாரத்துக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. ஆகஸ்ட் 2 ஆடி வெள்ளி, 3 பதினெட்டாம் பெருக்கு, 4 ஆடி அமாவாசை. பூவும் இலையும் தேவைப்படும் மூன்று நாட்கள் அடுத்தடுத்து வந்ததால், தஞ்சாவூர்ப் பூக்காரத் தெருவில் வியாழக்கிழமையே கூட்டம் நெரிந்தது. பூவை நம்பி எதையும் திட்டமிடக் கூடாது என்பது அன்றே தெளிவாயிற்று.

அளந்து பார்த்தபோது கிடைத்த விடை

மேசையைத் தாழ்வாரத்திலேயே, பந்தியின் தலைமாட்டில் போட்டுவிடலாம் என்பதுதான் முதலில் தோன்றிய யோசனை. போட்டுப் பார்த்தோம், சரிப்படவில்லை. மேசைப் பலகையின் உயரம் இரண்டரை அடி. தரையில் இருப்பவரின் கண் மட்டமும் அதேதான் என்பதால், அவருக்குத் தெரிவது பலகையின் விளிம்பும் அதன் கீழே தொங்கும் கால்களும் மட்டுமே. பெரியவர்களின் கால்களை எதிரே வைத்துக்கொண்டு சாப்பிடுவதில் இரு தரப்புக்குமே சங்கடம்.

அண்ணிதான் முற்றத்தை அளக்கச் சொன்னார். எங்கள் முற்றம் 16 அடிக்கு 12 அடி. தாழ்வாரத்தைவிட ஒன்றரை அடி தாழ்ந்தது. வீட்டு நாற்காலியின் இருக்கையும் தரையிலிருந்து ஒன்றரை அடி. அப்படியானால், முற்றத்தில் நாற்காலி போட்டு உட்காருபவரின் இருக்கையும் தாழ்வாரத் தரையும் ஒரே மட்டம். அவர் கண்ணும் தாழ்வாரத்தில் சம்மணமிட்டவரின் கண்ணும் நேருக்கு நேர். மேசைப் பலகையோ தாழ்வாரத் தரையிலிருந்து ஓரடி உயரத்தில், ஒரு மணைபோலத் தெரியும். மழைநீர் விழுவதற்காகக் கட்டியவர்கள் இதையும் நினைத்தா பள்ளம் செய்தார்கள் என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். ஆனாலும் அந்த எண்கள் அப்படிச் சேர்ந்து அமைந்ததைப் பார்த்து அண்ணி இரண்டாம் முறையும் அளந்தார்.

இதனால் எதிர்பாராத ஒரு நன்மையும் வந்தது. தாழ்வாரத்தில் உட்காருபவர்கள் முற்றத்தைப் பார்த்தபடி விளிம்பை ஒட்டி இலை போட்டுக்கொண்டால், பரிமாறுகிறவர்கள் முற்றத்துக்குள் நின்று பரிமாறலாம். இலை அவர்களுடைய முழங்கால் உயரத்தில் இருக்கும். தரையோடு தரையாகக் குனிந்து நிமிர்ந்து இடுப்பு ஒடிந்துபோகும் வேலை பாதியாகக் குறைந்துவிடும். இதற்காக முற்றத்தின் நான்கு ஓரங்களிலும் மூன்றடி வழி விட்டால், நடுவில் பத்தடிக்கு ஆறடி மிஞ்சியது. ஆறடி மேசை ஒன்று, பக்கத்துக்கு மூன்று நாற்காலி, தலைமாட்டில் பெரியப்பாவுக்கு ஒன்று, மறு கோடியில் பூசைக்குரிய உருளி. அதற்கு மேல் ஒரு பூத்தொட்டிகூட வைக்க இடமில்லை. தாழ்வாரத்தில் ஆளுக்கு இரண்டடி வீதம் நீளப் பக்கங்களில் எட்டெட்டுப் பேர், ஒரு குறுகிய பக்கத்தில் ஆறு பேர் என 22 பேர் உட்காரலாம். அடுப்படிப் பக்கம் வழிக்காகக் காலி. 22-உம் ஏழும் போக மீதி ஐவர் பரிமாறுபவர்கள்.

ஆடிக் காற்றும் அலங்காரமும்

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அம்மி பறந்ததை நான் கண்டதில்லை, ஆனால் கோலப்பொடி, வெறும் இலை, துணித் தொங்கல், அகல் சுடர் ஆகிய நான்கும் பறந்ததைக் கண்டிருக்கிறேன். அலங்காரம் செய்பவர் முதலில் பதில் சொல்ல வேண்டியது இந்தக் காற்றுக்குத்தான்.

கோலத்தை மாவாகக் கரைத்தே போட்டோம். பச்சரிசியை ஊறவைத்து நைய அரைத்து, துணியை நனைத்து விரலிடுக்கில் பிழிந்து இழுக்கும் இழைக்கோலம். ஈரம் காயும்வரை மிதிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது மட்டுமே அதன் தொல்லை, அதையும் ஆடிக் காற்றே விரைவில் தீர்த்துவைக்கிறது. வெள்ளி இரவு பத்து மணிக்குமேல் போட்ட கோலம் விடியலில் கல்லோடு கல்லாக ஒட்டியிருந்தது. முற்றம் முழுவதும் கோலம் நிறைக்க வேண்டும் என்று சின்ன அத்தை ஆசைப்பட்டார். பரிமாறுகிறவர்கள் நடக்கும் வழியில் கோலம் போட்டால் மிதிபடும், சாம்பார் சிந்தினால் வழுக்கும் என்று அண்ணி மறுத்தார். அதற்கு ஈடாக ஒரு புதிய இடம் கிடைத்தது. தாழ்வாரத்தின் விளிம்பிலிருந்து முற்றத்துக்கு இறங்கும் அந்த ஒன்றரை அடிச் செங்குத்துச் சுவரை இதுவரை யாரும் அலங்கரிக்கத் தக்க இடமாக நினைத்ததே இல்லை. அதில் காவிப் பட்டையும் அதன்மேல் வெள்ளை இழையும் மாறிமாறிச் சுற்றிலும் தீட்டினோம். உட்கார்ந்திருப்பவர்கள் அனைவருக்கும் எதிர்ப்பக்கத்துப் பட்டை கண்ணில் பட்டது. அன்று நாங்கள் செய்தவற்றில் மிகக் குறைந்த செலவும் மிகுந்த பலனும் உள்ளது இதுதான்.

தூண்களில் பூவை உச்சியில் சுற்றும் வழக்கத்தை விட்டுவிட்டு, இரண்டரை அடி உயரத்தில் ஒரு கை அகலத்துக்குக் கட்டினோம். பூவுக்குப் பதிலாக அங்கே பெரும்பாலும் நெட்டியைப் பயன்படுத்தினோம். குளங்களில் வளரும் ஒரு நீர்ச்செடியின் தண்டுக்குள் இருக்கும் மெத்தென்ற வெள்ளை உள்பகுதியைச் சீவிச் செய்யும் இந்த வேலை, மாட்டுப் பொங்கலுக்கு மாடுகளின் கழுத்தில் ஏறும் வண்ண மாலையாக இங்கே எல்லோருக்கும் பழக்கம். தஞ்சாவூர் நெட்டி வேலைக்கு 2020-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. வாடாது, மணக்காது, கனமில்லை. மணக்காது என்பதை நான் குணமாகவே சொல்கிறேன். புளியோதரையின் வாசம் எழ வேண்டிய இடத்தில் மல்லிகை நின்றால் இரண்டும் கெட்டுப்போகும். ஆனால் நெட்டிக்குத் தண்ணீர் ஆகாது. கை கழுவும் தொட்டிக்கு அருகில் இருந்த தூணில் கட்டியது நனைந்து, சாயம் ஒழுகி, வெள்ளைத் தூணில் ஊதா வடுக்களை விட்டுச் சென்றது. அவை இன்னும் இருக்கின்றன.

உண்மைப் பூ வைத்த இடங்களில் செவ்வந்தியும் வாடாமல்லியும் மருவும் போதும் என்று நிறுத்திக்கொண்டோம். அரளியை மட்டும் பந்தி அருகில் விடவே இல்லை. அதன் எல்லாப் பாகமும் நஞ்சு. கட்டிய கதம்பமாக வாங்கினால் அதில் அரளி கலந்திருக்கலாம் என்பதால், உதிரியாக வாங்கி வீட்டிலேயே கட்டினார்கள்.

தோல்வி ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சென்னையிலிருந்து வந்த சித்தப்பா மகள், கருப்பூர்க் கலம்காரித் துணியில் செய்த இரண்டு தொம்பைகளை, அதாவது உருளை வடிவத் துணித் தொங்கல்களை, கொண்டுவந்தாள். கோயில் விதானங்களுக்கும் தேர்களுக்கும் எழுதப்படும் அந்தத் துணிக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்ல சிவப்பும் கறுப்புமாக, கண்ணைப் பறிக்கும் வேலை. முற்றத்து மூலைகளில் தொங்கவிட்டோம். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, காற்று ஒன்றைச் சுழற்றி வாளிச் சாம்பாரின் விளிம்பில் தேய்த்தது. உடனே கழற்றிக் கூடத்துச் சுவருக்கு மாற்றினோம். தேரில் உயரத்தில் ஆட வேண்டியதை ஆள் நடக்கும் இடத்தில் தொங்கவிட்ட பிழை எங்களுடையதுதான், துணியின்மேல் குற்றமில்லை.

விளக்கைப் பற்றி ஒரு சொல். நாச்சியார்கோவிலில் வார்த்த குத்துவிளக்கு ஒன்று அப்பாயி காலத்திலிருந்து வீட்டில் இருக்கிறது. இரண்டரை அடிக்குச் சற்று மேல். நின்று பார்த்தால் அதன் எண்ணெய்த் தட்டுதான் தெரியும். உட்கார்ந்தால்தான் உச்சியில் இருக்கும் அன்னம் நம் முகத்துக்கு நேரே வரும். காற்றுக்கு மறைவாக அதைக் கூடத்து நிலைப்படிக்கு உட்புறம் வைத்தோம். ஐந்து முகமும் பந்தி முடியும்வரை அணையவில்லை.

இலை

பந்தியில் மேசை விரிப்பு, தட்டு, அலங்காரம் மூன்றும் ஒன்றே, அது வாழையிலை. ஆடி மாதத்தில் அதுதான் எளிதில் கிடைப்பதில்லை. காற்றில் தோப்பு இலைகள் நார்நாராகக் கிழிந்துவிடுவதால் கிழியாத நுனி இலைக்குக் கிராக்கி, மறுநாள் அமாவாசை வேறு. 22 தரை இலைக்கும் ஏழு மேசை இலைக்கும் முழு நுனி இலை எடுத்தோம். பரிமாறிய ஐவரும் பிறகு ஏடுகளில், அதாவது நுனியில்லாத இலைத் துண்டுகளில், சாப்பிட்டோம். வெள்ளி மாலையே வாங்கி, சுருளாகவே நனைத்த சாக்கில் சுற்றி நிழலில் வைத்திருந்தோம்.

மேசையில் இலை ஆடும். நடு நரம்பின் முதுகு புடைத்திருப்பதால் ரசம் ஊற்றியதும் ஒரு பக்கம் சாயும். அந்த முதுகை மட்டும் கத்தியால் மெல்லச் சீவிவிட்டால் பலகையோடு படியும். சாப்பிடுபவரின் இடக்கைப் பக்கம் நுனி வர வேண்டும் என்ற முறையால், மேசையின் இரு பக்கத்து இலைகளும் தலை மாறிக் கிடந்தன. மேசைக்குப் பரிமாறிய தம்பிக்கு இது பிடிபடவில்லை. ஒரு வரிசைக்கு நுனியில் உப்பு வைத்தவன், எதிர் வரிசைக்கு அடியில் வைத்துக்கொண்டே போனான். நடு அத்தை தன் இலையைத் தட்டிக் காட்டி, “அப்பு, எனக்கு இந்தப் பக்கம்தாண்டா கெழக்கு” என்றார். பிறகு உட்கார்ந்திருப்பவரின் இடத்தோளைப் பார்த்துப் பரிமாறச் சொல்லிக்கொடுத்தோம்.

தரைப் பந்தியில் இலை பறக்கும் தொல்லைக்கு அண்ணி கண்ட வழி எளியது. இலைகளை முன்கூட்டியே வரிசையாகப் போட்டு அழகு பார்க்கும் ஆசையை விட்டுவிட்டோம். ஆட்கள் உட்கார்ந்த பிறகே இலை போட்டு, தண்ணீர் தெளித்தவுடன் ஒரு கை சர்க்கரைப் பொங்கலை வைத்தோம். கனம் விழுந்ததும் இலை அடங்கியது. அதன் பிறகு எலுமிச்சை சாதத்தின் மஞ்சள், புளியோதரையின் செம்பழுப்பு, தேங்காய் சாதத்தின் வெள்ளை, தயிர் சாதத்தின்மேல் மாதுளை முத்து என்று பச்சை இலைமேல் சித்ரான்னங்கள் விழுந்தபோது, வேறு எந்த அலங்காரமும் போட்டிக்கு வரவில்லை.

உருளித் தண்ணீர்

முற்றத்தின் மறு கோடியில், கோலத்தின் நடுவில், அகன்ற பித்தளை உருளி. அதில் ஆற்றுத் தண்ணீர், முன்னால் மஞ்சள் பிள்ளையார், காதோலை கருகமணி, மஞ்சள் கயிறு, காப்பரிசி, நாவல்பழம், விளாம்பழம், பேரிக்காய். காலையில் அண்ணனும் மாமா மகனும் படித்துறையின் மேல்படியில் நின்று, கயிறு கட்டிய தோண்டியை விட்டுத் தண்ணீர் மொண்டு வந்தார்கள். செம்பழுப்பாக, சேறு கலந்த புதுத் தண்ணீர். அதைக் கண்ட சித்தப்பா மகள், இது படத்தில் நன்றாக வராது, குடிநீரை ஊற்றி ரோஜா இதழ் மிதக்கவிடலாம் என்றாள். நடு அத்தை அவளைத் திரும்பிப் பார்த்தார். “தெளிஞ்ச தண்ணியில பூப்போட்டா அது காவேரி இல்லடி, குழா.”

சேற்றுத் தண்ணீரே நின்றது. அதன்மேல் மிதந்த மஞ்சள் செவ்வந்தி, தெளிந்த நீரில் இருப்பதைவிட எடுப்பாகத் தெரிந்தது என்பது என் கணிப்பு. குழந்தைகள் இழுத்துவந்த சப்பரத்தட்டிகளை, அதாவது சிறு விளையாட்டுத் தேர்களை, உருளியைச் சுற்றி ஓட்ட இடமில்லாததால் திண்ணைக்கும் தெருவுக்கும் அனுப்பிவைத்தோம். அலங்காரத்துக்கு அவர்கள் செய்த உதவி அதுதான்.

நடந்ததும் மீதியும்

வெயிலுக்கு மறைப்பாக, முற்றத்தின் மேலிருந்த கம்பி வலைமீது தென்னங்கீற்றை இரண்டு அடுக்காகப் பரப்பி இறுகக் கட்டியிருந்தோம். நண்பகலில் கீற்றின் இடுக்கு வழியே விழுந்த புள்ளி வெளிச்சம் இலைகளின் மேல் ஆடியது. யாரும் திட்டமிடாத அலங்காரம் அது. மேசையில் இருந்தவர்கள் இரண்டு பக்கத் தாழ்வாரத்தோடும் பேசிக்கொண்டே சாப்பிட்டார்கள். பெரியப்பா தன் இலையிலிருந்த வடையை எட்டி எதிரே இருந்த பேத்தியின் இலையில் வைத்தார். முந்தைய ஆண்டில் அதற்கு அவர் எழுந்து இரண்டு அறைகளைக் கடக்க வேண்டியிருந்திருக்கும்.

குறை இல்லாமல் இல்லை. முற்றத்தில் இறங்க ஒரே ஒரு கல்படிதான் உண்டு. அது முக்காலடி உயரம். இறங்குவதற்குப் பெரிய அத்தைக்கு இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது. ஏறுவதற்கு மூன்று பேர். எல்லோரையும் ஒன்றாக உட்காரவைக்கும் ஏற்பாட்டில், முழங்கால் வலிக்காகவே போட்ட மேசையை அடைவதற்கு முழங்காலையே வருத்தினோம் என்பது மறுக்க முடியாத உண்மை. பிடித்துக்கொள்ளத் தூணில் ஒரு கயிறாவது கட்டியிருக்கலாம், அதுவும் தோன்றவில்லை.

மாலையில் உருளித் தண்ணீர் தெளிந்து அடியில் வண்டல் படிந்திருந்தது. அண்ணி மேல்நீரைத் துளசிக்கு ஊற்றிவிட்டு, வண்டலைக் கொல்லை வாழைக்கன்றின் தூரில் வழித்துப் போட்டார். பெரிய அத்தை ஊருக்குக் கிளம்புமுன் முற்றத்து விளிம்புக்கு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, கல்படியின்மேல் தன் பாதத்தை வைத்து ஓர் அளவு பார்த்தார். “இதுக்கும் கீழே பாதி உசரத்துல ஒன்னு வை தம்பி. அகலமா வை” என்றார். தை பிறந்ததும் கொத்தனாரை அழைத்து ஓரடி அகலத்தில் இன்னொரு படி கட்டினோம்.